முதல் வாய்

1953 ஐப்பசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு எடை ஏறியதோ, அவ்வளவும் அம்சாவிடமிருந்து இறங்கியது. அந்த மாதம் நல்ல மழை. கேழ்வரகு விலை சற்று ஏறியிருந்தது. கொளவாய் ஏரிப் பக்கத்திலிருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ருக்மிணி காலையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்தார். மத்தியானத்தில், நோயாளிகளுக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்று பெண்களுக்குப் பயிற்சி தந்தார். கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி வரும் குழந்தைகளுக்காக அவர் கண்டுபிடித்தது, கேழ்வரகும் வேர்க்கடலையும் நெத்திலிக் கருவாட்டுப் பொடியும் சேர்ந்த கூழ். அதில் மருந்து கலந்திருக்கும் என்று தாய்மார்கள் பயந்தார்கள். அதனால் கூழைக் கொண்டுபோகிறவர் அவர்கள் கண்ணெதிரே முதல் வாய் சாப்பிட வேண்டும் என்று ருக்மிணி விதி வைத்தார். ஆனால் கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்த அவருக்குக் கருவாடு ஆகாது. மாமல்லபுரத்திலிருந்து படிக்க வந்த அம்சா அந்த முதல் வாயைத் தினமும் சாப்பிட்டாள்.

முதலில் தராசைத்தான் சந்தேகித்தார்கள். ரயில் நிலையத்துப் பார்சல் தராசும் அதையே சொன்னது. அம்சா இளைக்கவில்லை, கன்னம், கை எல்லாம் அப்படியே இருந்தன, எடைதான் இல்லை. குழந்தைகள் ஒவ்வொருவராக வீக்கம் வடிந்து வீட்டுக்குப் போனார்கள். தை மாதம் கருவாடு வாங்கக் கடற்கரைக்குப் போனவளைக் காற்று பனைமர உயரத்துக்குத் தூக்கியது. வலைக்காரர்கள் வலை வீசி இறக்கினார்கள். மறுநாள் அவளுடைய அப்பா, கல் உடைக்கும் முனிசாமி, ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.

"ஊர்ப் புள்ளைங்களுக்கு சோறு போடும்மா, வாணான்னு சொல்லல. என் பொண்ண எடுத்து ஏன் பரிமாறிக்கினு கீற?"

ருக்மிணி அன்றே முதல் வாயை நிறுத்தினார். வேறு பெண்களைக் கூழின் அருகே விட அவருக்கு மனம் வரவில்லை. முதல் வாய் இல்லாமல் கொடுத்த கூழைத் தாய்மார்கள் தொடவில்லை, கூழே நின்றுபோனது. ஒரு வாரத்தில் கால்கள் மறுபடி வீங்கின. ஜன்னலோரக் குழந்தை இறந்து, கட்டில் காலியானது. அடுத்த கட்டிலில் மகளை வைத்திருந்த வேண்டா என்பவள் ருக்மிணியிடம், "போன வாரம் வரிக்கும் துன்னுச்சு. இப்ப இன்னாத்துக்கு நிறுத்திட்டே?" என்று கேட்டாள். அப்பாவோடு ஊருக்குப் போயிருந்த அம்சா இடுப்பில் ஒரு கருங்கல்லைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். யாரையும் கேட்காமல் கூழ் காய்ச்சி, தட்டோடு வேண்டாவின் மகள் கட்டிலுக்குப் போனாள். ருக்மிணி அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார்.

"வாணாம் டாக்டரம்மா, உங்களுக்கு ஒத்துக்காது."

"உனக்கு மட்டும் ரொம்ப ஒத்துண்டுதாக்கும்."

ருக்மிணிக்கு முதல் வாய் குமட்டி வெளியே வந்துவிட்டது. இரண்டாவது தங்கியது. வேண்டாவின் மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அதன்பின் கூழ் நிற்கவில்லை. புதிதாகச் சேரும் பெண்களிடம் ருக்மிணி எதையும் மறைக்கவில்லை; சிலர் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மற்றவர்கள் தங்கினார்கள். அவர்களுக்கு முனிசாமி கல்லில் துளையிட்டு, இடுப்புக்கு உறுத்தாமல் விளிம்பை மழுக்கிக் கொடுத்தார். முதல் பாடம் கல் கட்டுவது. புரதக் கணக்கு பிறகுதான். படித்து முடித்தவர்கள் வேலூர், கடலூர் என்று வெவ்வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். அங்கெல்லாம் வார்டு ஜன்னல்களுக்குக் கம்பி போடச் சொல்லி ருக்மிணி கடிதம் எழுதினார். ஆனால் செங்கல்பட்டில் எல்லோரும் முறை வைத்துச் சாப்பிட அவர் சம்மதிக்கவில்லை. தம்மால் முடிந்த தட்டுகளையெல்லாம் தாமே முந்திக்கொண்டார். ஐந்தாம் வருஷம் அவரை நாற்காலியோடு கட்டித்தான் பாடம் நடத்த முடிந்தது.

1958 கார்த்திகையில் புயல் கரையைக் கடந்த அன்று, வகுப்பு ஜன்னலின் கொக்கி விட்டுப்போய், காற்று ருக்மிணியை நாற்காலியோடு வெளியே இழுத்தது. நாற்காலி மட்டும் திரும்பி வந்தது, அதில் கயிறும் இருந்தது. கடல் பக்கமாக வெள்ளைப் புடவை சிறிதாகிக்கொண்டே போனதைப் பெண்கள் பார்த்தார்கள். அம்சா ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். வார்டில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தார்கள், கூழ் ஆறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு முதல் வாய் யாருடையது என்று கேட்டாள். பெண்கள் இடுப்புக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி கரண்டிக்குக் கை நீட்டினாள்.