மூட்டைக்குள் போன சொல்

சர்க்கரை என்ற சொல் ஒரு செவ்வாய்க்கிழமை ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆலையில் சாக்குத் தைக்கிறவள் அதை மூட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். தைக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த ஆலையின் பழைய கட்டுப்பாடு. ஆனால் அன்று காலையிலேயே அவளுக்கும், அங்கே பாகு காய்ச்சும் அவள் புருஷனுக்கும் முட்டிக்கொண்டது. ஓரிடத்தில் கால் தரிக்காத ஆள் அவன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சோற்றில் கை நின்றுவிடும். "சர்க்கரை கூட நாலு ஊரு பாக்குது, எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "பெரிய சர்க்கரை," என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டாள். மதியத்துக்குள் மூட்டை கப்பலேறிவிட்டது.

சாயங்காலம் ஊரில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் இல்லை. கடையில் டப்பாவைக் கைகாட்டி வாங்கிச் சமாளித்தார்கள். ஆலையில் பாகு காய்ச்சும் கொப்பரையைத்தான் சமாளிக்க முடியவில்லை. பழுப்புச் சர்க்கரையைக் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, எலும்புக்கரியில் வடிகட்டிக் காய்ச்சுவார்கள். பாகு இரண்டு விரலுக்கு நடுவே கம்பியாக நீளும்போது, காய்ச்சுகிறவன் குனிந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் பாகு இறுகி மணி மணியாகக் கட்டும். இப்போது பாகு கஞ்சி மாதிரி கிடந்தது. இப்படியே போனால் ஆலையை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி.

"நான் போயித் தேடிக் கூட்டிட்டு வரேன்," என்றான் புருஷன்.

"தச்சது நானு. நான் போறேன்."

"உனக்குக் கப்பல் ஒத்துக்காது."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்துவிட்டாள். "திரும்பி வந்துருவீங்கல்ல?"

"வராம எங்க போகப்போறேன்?"

சொல் அவனுக்கு எப்போதும் ஒரு துறைமுகம் முந்தியே ஓடியது. ஓரிடத்தில் அதைச் சுக்கர் என்றார்கள். அவன் போய்ச் சேருவதற்குள் அடுத்த கரையில் முன்னால் ஒரு ஒட்டுப் போட்டு அசூக்கர் ஆக்கியிருந்தார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் வாயை அதிகம் திறக்க மாட்டாமல் அந்த ஒட்டை நறுக்கி, நடுவையும் மெலிதாக்கிவிட்டார்கள். இதெல்லாம் மாலுமிகள் வழியாக வந்த சேதி. ஆலை வெறும் பாகு விற்றுக் காலத்தை ஓட்டியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தக் கப்பல் ஊதினாலும் கோணி ஊசியும் கையுமாக ஓடினாள்.

அவள் தலை நரைக்கத் தொடங்கிய வருஷம் வெளிநாட்டு வெள்ளைச் சர்க்கரை மூட்டை ஒன்று வந்து இறங்கியது. தையலைப் பிரித்தாள். "சுகர்" என்று அவள் புருஷன் குரல் வெளியே வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. சாக்கின் அடிவரை கைவிட்டுத் துழாவினாள். வேறொன்றும் இல்லை. சொல்லை அனுப்பிவிட்டு அவன் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டான் என்று அவளுக்கு விளங்கியது.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றே கொப்பரை மணி கட்டியது. முன்னைவிட வெள்ளையாக, பொடியாக. ஊர் கொண்டாடியது. அந்தச் சொல் இப்போது டாக்டர்கள் வாயில்தான் அதிகம் புழங்குகிறது என்பது வேறு கதை. அவள் மட்டும் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். பாதி ஆத்திரம், பாதி ஆசை.

மறுநாள் கப்பலுக்குப் போகிற முதல் மூட்டையை எடுத்து, தெரிந்தே வாயைத் திறந்து, "வீட்டுக்கு வாங்க" என்று சொல்லித் தைத்தாள்.

அதிலிருந்து அந்த ஊரில் யாராலும் யாரையும் "வாங்க" என்று சொல்ல முடிவதில்லை. ஆள் வந்தால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். வருகிறவர்களும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.