கௌசல்யாவும் கெளசல்யாவும்

வயிறு எரிஞ்சுதுங்க. வேற எப்படிச் சொல்றது? வேங்கிக்கால்ல இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் இருக்கேன். ரூபீனா நேத்து வந்தவ. எங்க முதலாளி அருணகிரி சார் இப்போ வாயைத் திறந்தா "ரூபீனா, ரூபீனா"தான்.

எல்லாம் ஒரு லாட்ஜால வந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்றவங்க ரூம் புக் பண்ற வெப்சைட்டை அவங்களுக்கு நான்தான் செஞ்சு குடுத்தேன். தமிழ்ல பேரை அடிச்சா உள்ள போய் வெறும் கேள்விக்குறியா விழுந்துது. மண்டையை உடைச்சுக்கிட்டேன். வெப் பக்கத்தைத் தமிழ் எழுத்தெல்லாம் தாங்குற யூடிஎஃப்-8 முறைக்கு மாத்தினேன், டேட்டாபேஸை மாத்தினேன், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கனெக்‌ஷனை மாத்தாம விட்டுட்டேன். இவ வந்தா, ஒரே ஒரு வரி சேர்த்தா, அதுக்கப்புறம் வந்த பேரெல்லாம் பளிச்சுனு தமிழ்ல நின்னுது. சார் பால்கோவா வாங்கிட்டு வந்தாரு. சர்க்கரைன்னு சொல்லி நான் தொடல. எனக்கு ஏது சர்க்கரை!

மத்த லாட்ஜ் வேலையும் வருது, அதுக்கு ஒருத்தரை லீடரா போடப் போறாருன்னு பேச்சு. யாருன்னு சொல்லணுமா?

பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் அந்த லாட்ஜ்லேர்ந்து போன். கௌசல்யான்னு ஒரு அம்மா கவுன்ட்டர்ல நிக்குதாம். அந்தம்மா பேர்ல பையன் புக் பண்ணியிருக்கான், அவன் போன் எடுக்கல. பேரைத் தேடினா இல்லன்னு வருது. "சீக்கிரம் பாருங்க, கூட்டம் ஜாஸ்தி, ரூம் கேட்டு வரிசையில நிக்கிறாங்க"ன்னாங்க.

ரூபீனா உக்காந்தா. எல்லாம் சரியாத்தான் இருக்கு, பேர் மட்டும் வரல.

"கௌ"ன்னு காதுல விழுந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் மாமியார் பேரு கௌரி. போன்ல அந்தப் பேரைத் தேடி நான் படாத பாடா! 'கௌ'வுல கடைசியா 'ள' மாதிரி நிக்கிறது தனி எழுத்து இல்ல, குறியோட பாதி. நம்ம ஜனம் 'கெ' அடிச்சு பக்கத்துல 'ள' தட்டிடும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற ஆளு.

சொன்னேனா? வாயே திறக்கல. நல்லா முழிக்கட்டும்னு டீயை ஊதி ஊதிக் குடிச்சேன். சார் முகம் கடுகடுன்னு ஆச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துது, பொய் சொல்லல.

கடைசியில அவ கண் கலங்கி எழுந்தா. "என்னால முடியல சார். நந்தினி அக்காவைப் பாக்கச் சொல்லுங்க. தமிழ்னா அவங்கதான்."

போய் உக்காந்தேன். 'கெ', 'ள'ன்னு தட்டித் தேடினேன். பேர் வந்து நின்னுது. இனிமே அப்படி அடிச்சாலும் தானா சரியாகிற மாதிரி நாலு வரி எழுதியும் வெச்சேன். "அடி சக்கை! நீதான்மா லீடர்"னாரு சார்.

லாட்ஜுக்குப் போன் போட்டோம். ரூமை வேற பார்ட்டிக்குக் குடுத்தாச்சாம். அந்தம்மா அழுதுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சாம்.

ரூபீனா என் கையைப் புடிச்சுக்கிட்டா. "விடுங்கக்கா, உங்களுக்கே இப்பத்தானே தோணுச்சு? நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

"ஆமா"ன்னேன்.

நம்பிட்டா. அந்த முகத்துல ஒரு பொட்டு சந்தேகம் இல்ல. இப்படி ஒரு மனசும் அவளுக்குத்தான் வாய்ச்சிருக்கு பாருங்க. அதையும் என்னால பொறுக்க முடியல.