கண்ணாடியைப் பார்த்த குற்றம்

விடிவதற்கு முன்பே பஸ் டிப்போ முழுக்கப் புகை. குளிர்ந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் விரல் மரத்துப்போகும், உட்கார்ந்ததும் முதுகு முனகும். அதெல்லாம் பழகிவிட்டது. பழக முடியாதது எங்கள் முகத்துக்கு நேரே புதிதாக மாட்டிய கேமராதான். டிரைவருக்கு உதவி செய்கிற கருவியாம். ரோட்டைவிட்டுக் கண் விலகினால் கத்தும். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டை வண்டி ஒட்டினால் கத்தும். ஒவ்வொரு கத்தலும் மேனேஜர் அறைக்குப் போய்ச் சேரும். அதிகம் கத்தவிட்டவருக்கு வண்டி கிடையாது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட என் கால் பிரேக்கைத் தேடுகிறது. மனைவி சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டாப்பில் ஆள் இறங்கும்போது தலையைத் திருப்பிப் பக்கக் கண்ணாடியைப் பார்ப்போம். படி காலியான பிறகுதான் வண்டி நகரும். கேமராவுக்கு அது கவனக்குறைவு. அலறலுக்குப் பயந்து எல்லோரும் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். நேற்று எங்களோடு ஓட்டும் அக்கா அப்படிப் பார்த்து வண்டியை எடுக்க, கடைசிப் படியில் நின்ற ஒரு அம்மா விழுந்து கை முறிந்தது.

காலையில் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். நாங்களும் பின்னாலேயே நுழைந்தோம்.

“கருவி ஒரு தடவைகூட கத்தல. அப்ப தப்பு உங்களோடதுதான். நீங்களே வேலைய விட்டுடுங்கம்மா.”

“கத்தக்கூடாதுன்னுதான் சார் நான் திரும்பல,” என்றாள் அக்கா. “அந்தம்மா போட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. நான் ஒளிக்கல. ஆனா என்னைத் திரும்பவிடாம பண்ணது யாரு?”

“மத்தவங்கல்லாம் ஒழுங்கா ஓட்டலையா?”

நாங்கள் மௌனச்சாமி என்று கிண்டல் செய்யும் டிரைவர் முன்னால் வந்தான். அவன் வாய் திறப்பதே அபூர்வம்.

“நாங்களும் திரும்பறதில்ல சார். நேத்து அக்கா வண்டி, நாளைக்கு என் வண்டியா இருக்கும். இனிமே நல்லாத் திரும்பிப் பாத்துட்டுத்தான் எடுப்போம். அது கத்தட்டும். அக்கா வண்டிய முதல்ல விடுங்க, எங்க வண்டி அதுக்குப் பின்னாலதான்.”

“அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க. கேமராவ ஓட்டச் சொல்லுங்க.”

மேனேஜர் அக்காவின் வண்டிச் சாவியை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

நாங்கள் போய் அவரவர் சீட்டில் உட்கார்ந்தோம். எஞ்சினை ஓடவிட்டோம், வண்டியை எடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் அக்கா நின்றிருந்தாள். எல்லோரும் தலையைத் திருப்பி அவளையே பார்த்தோம். ஒரு வண்டியில் கேமரா அலறியது, அடுத்ததில், பிறகு டிப்போ முழுக்க. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். எங்களில் ஒருவரும் அவளிடமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.