மஞ்சள் தாளில் எழுதிய விலை

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வாசுவின் கை எலும்பு உடைந்த சத்தம். ஒரு நொடிதான், ஆனால் பிடித்திருந்தது. முதலில் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் செய்ததைப் பற்றி யோசிக்க அதற்குப் பிறகுதான் எனக்கு அருகதை.

புஷ்பவள்ளி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, மேனேஜர் புவனேஸ்வரன் தட்டச்சு செய்த தாள் ஒன்றை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் பக்கம் நகர்த்தினார். சனிக்கிழமை காலை பத்தரை மணி. அவருடைய அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே புதுக் கார்கள் மூன்று பளபளத்தன. நான்காவது நின்ற இடம் காலி. அதன் முன்மூடியில் பள்ளம் விழுந்திருந்ததால் பின்னாலிருக்கும் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். துப்புரவு வேலை பார்க்கும் ஹாஜரா இரண்டு நாளாகத் தரையைத் துடைத்திருந்தாள். ஓடுகளின் இடுக்கில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு போகாமல் இருந்தது.

அவர் கேட்டது சிறிய காரியம். மதியத்துக்குள் போலீஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் போட வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாளில் இருந்தது.

கெலுகோர் பெரிய சாலையோரத்து இந்த ஷோரூமில் அவள் பதினோரு வருடமாகக் கிராணி. கார் விற்பது அவள் வேலை இல்லை. விற்றதற்கான தாள்களைத் தயார் செய்வதுதான் வேலை. காரின் விலையில் யாரும் கை வைக்க முடியாது, அது கம்பெனி அச்சடித்த விலை. ஆனால் புது மாடலுக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். 'பேக்கேஜ்' எடுத்துக்கொண்டால் மூன்றே வாரத்தில் சாவி. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், கால்மிதி, கதவுக்கு மழைத் தடுப்பு, முன்பக்கக் கேமரா, ஸ்டீயரிங் லாக் என்று ஐந்து சாமான்கள். இந்தப் பேக்கேஜுக்கு அச்சடித்த விலை கிடையாது.

வாங்க வருகிறவர்கள் இறங்கும்போதே புவனேஸ்வரன் கண்ணாடி ஓரம் நின்று பார்ப்பார். எதில் வந்தார்கள், காலில் என்ன போட்டிருக்கிறார்கள், விலையைப் பற்றி யார் வாய் திறக்கிறார்கள் என்று கவனிப்பார். பிறகு புஷ்பவள்ளியின் மேசைக்கு வந்து மஞ்சள் ஒட்டுத்தாளில் ஓர் எண்ணை எழுதிக் கோப்பின்மேல் ஒட்டிவிட்டுப் போவார். பேச்சு இல்லை. வங்கித் தாள்களுக்கு நடுவே ஒரு வெற்று ஃபார்மையும் வைத்து, கார் விற்கிற வாசு கையெழுத்து வாங்கிவிடுவான். அவர்கள் போன பிறகு அவள் அந்த எண்ணை ஃபார்மில் அடிப்பாள். ஒரு ஃபார்முக்கு ஐம்பது வெள்ளி அவளுடைய சம்பளத்தோடு சேர்ந்து வரும். அது எதற்கு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருவர் ஃபார்மை இன்னொருவருடைய ஃபார்மோடு வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியக் கூடாது என்று, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் வேறு பெயர் வைத்து, சாமான்களின் வரிசையை மாற்றி, சொற்களை மாற்றி அடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருநாள் தானாகத் தோன்றியது. 'மூளைக்காரி' என்று அன்றைக்கு புவனேஸ்வரன் சொன்னார். அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது நினைத்துப் பார்த்துச் சிரித்ததுகூட உண்டு.

பிச்சைமுத்து ஐந்து வாரத்துக்கு முன் வந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் மெஷின் முன் நின்று செய்கிற வேலை, இருபத்தாறு வருடம். மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்திருந்தார். இரண்டு பேரும் மழையில் நனைந்திருந்தார்கள். பேசி முடிக்கும்வரை அந்த அம்மாள் ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பிச்சைமுத்து கேட்ட ஒரே கேள்வி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான். மஞ்சள் தாளில் ஏழாயிரத்து இருநூறு என்று வந்தது.

மறுவாரம் அதே தொழிற்சாலையிலிருந்து அப்துல் ஹமீது வந்தார். அதே மாடல், அதே நிறம். ஒவ்வொரு சாமானும் என்ன விலை என்று கேட்டார், வேறு கடைக்குப் போகிறேன் என்று எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

அந்த வாரம் அவளுக்கு உடம்பு சரியில்லை. பிச்சைமுத்துவின் ஃபார்மைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, ஹமீதுடையது என்று அச்செடுத்துவிட்டாள். பதினோரு வருடத்தில் அதுதான் அவள் செய்த ஒரே தவறு. ஒரே பேக்கேஜ் பெயர், ஒரே வரிசை, எழுத்துக்கு எழுத்து ஒன்று. தொழிற்சாலைக் கேண்டீனில் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு பிச்சைமுத்து தொழிற்சாலை உடுப்பிலேயே வந்தார். இரண்டு தாள்களும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. சத்தம் போடவில்லை. வித்தியாசத் தொகையைத் திருப்பித் தந்துவிடுங்கள், நான் போய்விடுகிறேன் என்றார். வாசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டான். அவன் முகத்தில் வேடிக்கை பார்க்கிற சிரிப்பு.

"அண்ணே, பாசார்ல மீனு வாங்குறப்ப வெல கேப்பீங்கல்ல? காடி வாங்குறப்ப வாய்க்குள்ள என்ன வச்சிருந்தீங்க?"

"நம்ம ஆளுங்க கடைன்னு நம்பி வந்தேன் தம்பி."

"நம்பிக்கைக்குத் தனி சார்ஜ் லா அண்ணே."

சொல்லிவிட்டு வாசு எழுந்தான். அவருடைய ஃபார்மைச் சுருட்டி அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினான். மறுபடி ஒன்று. மூன்றாவது தடவை தாள் இல்லை, உள்ளங்கை. பலமாக இல்லை. அழுகிற குழந்தையை அடக்க அடிக்கிற மாதிரி. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் அசையாமல் நின்றார். பிறகு உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முடிந்துவிட்டது என்றுதான் புஷ்பவள்ளி நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் போவார்கள். கண்ணாடி வழியாக அவர் தன் புதுக் காரைத் திறந்து குனிவது தெரிந்தது. நிமிர்ந்தபோது கையில் ஸ்டீயரிங் லாக். முழங்கை நீளத்துக்குக் கனமான இரும்பு, முனையில் சிவப்புப் பிளாஸ்டிக். அதற்கு ஃபார்மில் நானூற்று எண்பது வெள்ளி என்று அடித்தவள் அவள்தான்.

அதோடு அவர் மறுபடி உள்ளே வந்தார். முதல் அடி ஷோரூம் காரின் முன்மூடியில் விழுந்தது. இரண்டாவதுக்கு வாசு கையைத் தூக்கினான். உலர்ந்த மூங்கில் முறிகிற மாதிரி இருந்தது. கை மணிக்கட்டுக்கு மேலே, மடியக் கூடாத இடத்தில் மடிந்தது. கோப்புகளைக் கொடுக்கும்போதெல்லாம் அவள் தோளில் இரண்டு நொடி அதிகமாகத் தங்குகிற கை அது. வாசு மேசைக்கு அடியில் சரிந்து, மாடு மாதிரி கத்தினான். அவளுக்குள் ஏதோ ஒன்று, வெகுநாள் கட்டிவைத்தது அவிழ்ந்த மாதிரி, மெல்ல மூச்சு விட்டது.

பிச்சைமுத்து மூன்றாவது அடி அடிக்கவில்லை. கையிலிருந்த இரும்பை யாரோ கொடுத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தார். அதைக் காரின்மேல் சத்தம் வராமல் வைத்தார். ஐந்து வாரத்துக்கு முன் உட்கார்ந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ஆம்புலன்ஸ கூப்புடுங்கம்மா," என்றார் அவளைப் பார்த்து.

அதற்குள் பட்டறையிலிருந்து இரண்டு பேர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். நாற்காலியோடு அவரைக் கவிழ்த்தார்கள். வேலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸ். விலாவில், முதுகில், வாயில். அவர் முகத்தை மூடினால் வயிற்றில் மிதித்தார்கள், வயிற்றை மூடினால் முகத்தில். பல் ஒன்று தரையில் வழுக்கிக்கொண்டு வந்து அவளுடைய மேசைக் காலில் முட்டி நின்றது. அவள் போனைக் கையில் எடுத்திருந்தாள். எண்ணை அழுத்தவில்லை.

புவனேஸ்வரன் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். போதும் என்றார். இருவரும் நின்றார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, நல்லவேளை வந்துவிட்டார் என்று.

அவர் இடது கையிலிருந்த கடிகாரத்தின் பட்டையை அவிழ்த்தார். அவள் பக்கம் திரும்பாமலே அதை நீட்டினார். அவள் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. உடம்புச் சூடு அதில் இருந்தது.

"கால நீட்டிப் புடிங்க," என்றார்.

பிடித்தார்கள். அவர் ஸ்டீயரிங் லாக்கை எடுத்து, எங்கே அடிப்பது என்று பார்த்து, வலது முழங்காலில் அடித்தார். மூன்று தடவை. முதல் அடிக்கு பிச்சைமுத்து கத்தினார். இரண்டாவதுக்கு வாய் மட்டும் திறந்தது. மூன்றாவது அடி ஈரமாகக் கேட்டது. உடுப்பின் அந்த இடம் உள்ளே அமிழ்ந்துபோனது. புவனேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உள்ளங்கையை விரித்தார். அவள் கடிகாரத்தை அதில் வைத்தாள். தேங்க்ஸ் என்றார்.

இரண்டு இரவும் அவள் அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் யோசித்தாள். அவளுடைய கணவனாக இருந்தவன் அடிப்பதற்கு முன் கடிகாரத்தைக் கழற்றிக் குளிர்பெட்டியின் மேல் வைப்பான். அந்தச் சின்னச் சத்தம் கேட்டாலே அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொள்வாள். கோபத்தில் அடிப்பவனுக்குக் கண் எதையும் பார்ப்பதில்லை. கடிகாரம் உடையக் கூடாது என்று நினைக்க நேரம் இருப்பவன் கோபத்தில் இல்லை. இது அவளுக்கு உடம்பால் தெரியும். அந்த வீட்டை விட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வந்துவிட்டோம் என்றுதான் இருந்தாள். ஆனால் இப்போது அவளே குளிர்பெட்டியாக நின்றிருக்கிறாள்.

தாளை அவள் இரண்டு தடவை படித்தாள். பிச்சைமுத்து ஆயுதத்தோடு உள்ளே வந்தார், வாசுவைத் தாக்கினார், தடுக்க வந்தவர்களையும் விடாமல் தாக்கினார், இழுபறியில் விழுந்ததில் படிக்கட்டு விளிம்பில் முழங்கால் மோதியது. கன்னத்தில் விழுந்த அடி இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னது இல்லை.

கேமரா போன மாதமே கெட்டுவிட்டதாகப் போலீஸிடம் சொல்லியாயிற்று. ஹாஜரா அப்போது பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசு நம் பக்கம், பட்டறை ஆட்கள் நம் பக்கம். இதில் சேராத சாட்சி நீ ஒருத்திதான் என்றார் புவனேஸ்வரன். மருத்துவமனையில் பிச்சைமுத்துவின் முழங்கால் சில்லை எடுத்துவிட்டார்கள். கட்டிலருகே போலீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தொழிற்சாலை அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது. இந்த ரிப்போர்ட்டும் போய்விட்டால் அவர் முடமான காலோடு சிறைக்குப் போவார். அடித்தவர்கள் தடுத்தவர்கள் ஆவார்கள்.

"அவன் அடிச்சது பொய்யா? வாசு கை ஒடைஞ்சது பொய்யா?" என்று கேட்டார் புவனேஸ்வரன். "நீ பொய் சொல்ல வேணாம்மா. உண்மையில பாதி சொன்னாப் போதும்."

பிறகு குரல் மாறாமல், பதினோரு வருடமாக அந்த ஃபார்ம்களை அடித்தது யார் என்பதையும் போலீஸ் கேட்கக்கூடும் என்றார்.

அது உண்மை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. மேசையில் கனமான ஸ்டேப்ளர் கிடந்தது. அதை எடுத்து அவருடைய கண்ணில் இறக்கினால் என்ன சத்தம் வரும் என்று மனம் ஒத்திகை பார்த்தது. எத்தனை அடி, எந்தப் பக்கத்திலிருந்து, அவர் எப்படிச் சரிவார் என்பது வரைக்கும். விரல்கள் விறைத்தன. கடிகாரத்தை வாங்கிய அதே விரல்கள். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள். பிச்சைமுத்துவின் மனைவி மடியில் ஹெல்மெட்டைப் பிடித்திருந்த மாதிரி இருந்தது.

தாளின் கீழே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். அவருடைய கையெழுத்தில், 600.

"மாசாமாசம்," என்றார் அவர். "அடுத்த மாசத்துலேர்ந்து."

அவர் அவளையும் கண்ணாடி ஓரம் நின்று பார்த்திருக்கிறார். எதில் வருகிறாள், காலில் என்ன போட்டிருக்கிறாள், வாய் திறப்பாளா என்று. இது கேட்காதவர்களுக்கு எழுதுகிற எண். அவளுக்கு அவமானமாக இருந்தது. கூடவே, அவர் கணக்கு இத்தனை வருடமும் சரியாகத்தான் இருந்தது என்றும் தோன்றியது.

அவள் மஞ்சள் தாளை மெதுவாக உரித்து எடுத்து, மேசையில் அவர் பக்கம் ஒட்டினாள். தட்டச்சுத் தாளையும் அவரிடமே திருப்பி நகர்த்தினாள்.

"நீங்க வாட்ச்ச கழட்டி எங்கிட்ட குடுத்தீங்க பாஸ்."

அவருக்குப் புரியவில்லை. அது என்ன பெரிய விஷயம், அதை எதற்கு இப்போது பேசுகிறாய் என்றார். அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, பிடிப்பதற்கு வாகாக அவள் முன் நீட்டினார். அவருடைய மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது.

"பன்னெண்டு மணிக்குள்ள போயிடு புஷ்பா. கார் வேணும்னா எடுத்துக்க."

இந்தத் தடவை அவள் கை நீளவில்லை. அது மடியிலேயே இருப்பதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"நான் போகமாட்டேன் பாஸ்," என்றாள்.