கொரிந்து வீட்டுப் பந்தி

விடிகாலை ஐந்து மணி. கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் பழைய கிரேக்க ஊரான கொரிந்தின் செட் இன்னும் காயவில்லை. பிளாஸ்டரைத் தண்ணீரில் கரைத்தால் கை சுடும். சில நிமிடங்களில் இறுகிவிடும். அதற்குள் தேங்காய் நாரை முக்கி அச்சில் அப்ப வேண்டும். நகக்கண் வெடித்து எரியும். நானும் முதஸ்ஸிர் பாயும் முந்தின நாள் விழுந்த வளைவை மறுபடி வார்த்துக்கொண்டிருந்தோம்.

அது சண்முகவடிவின் இடுப்பில் விழுந்தது. துணை நடிகை, அடிமைப் பெண் வேடம். ஈரம் காயுமுன் மாட்டாதீர்கள் என்று பாய் சொன்னார். கம்பெனி கேட்கவில்லை.

என் மனைவி இறந்து ஏழு மாதம். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லப் பழகியிருந்தேன். முந்தின நாள் மாலையே மேலாளர் பஞ்சாட்சரம் நீட்டிய தாளிலும் அப்படித்தான் கையெழுத்திட்டேன். சண்முகவடிவு அன்று வேலைக்கே வரவில்லை என்றது தாள்.

எட்டு மணிக்குத் துணை நடிகர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். முதல் கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டில் கூடி உண்ணும் காட்சி. அடிமை வேடத்தில் இருந்த மணிமொழி என்னைக் கேட்டாள்.

"ஏண்ணே, நெசமாவே முதலாளியும் அடிமையும் ஒண்ணா துன்னாங்களா?"

"அதுலயும் சண்டைதான். வசதியானவங்க முன்னாடியே வந்து சாப்பிட்டு முடிச்சிடுவாங்க. வேலை முடிஞ்சு வர்றவனுக்குப் பசி. பவுல்னு அவங்க போதகர் கண்டிச்சுக் கடிதம் போட்டார்."

"அடிமைக்கு இன்னா படிப்பு? ஆரு படிச்சாங்க?"

"தெரிஞ்ச ஒருத்தர் நடுவுல நின்னு சத்தமா படிப்பார். மத்தவங்க கேப்பாங்க. அப்படித்தான் வீடு வீடா, ஊர் ஊராப் பரவிச்சு."

அவள் என்னையே பார்த்தாள். "நேத்து நாங்களும் கைநாட்டு வெச்சோம். சாப்பாட்டு டோக்கன்னு மேனேஜரு சொன்னாரு. நீ படிச்சவன். அதுல இன்னா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."



பஞ்சாட்சரம் அதே தாளோடு வந்தார். "பாய், நீ ஒருத்தன்தான் பாக்கி. போடு."

"கை பூரா பிளாஸ்டர் சார்."

"பெருவிரல் போதும்."

தாளை நான் வாங்கினேன். நான் அவருடைய ஆள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். பந்தியின் நடுவே போய் நின்று உரக்கப் படித்தேன். முப்பது பேர் கேட்டார்கள். கீழே என் பெயர் இருந்தது. அதையும் படித்தேன்.

"அடப்பாவி" என்றார் ஒருவர். என்னைத்தான்.

"பொய்யில கையெழுத்துப் போட்டேன். சண்முகவடிவு நேத்து இதோ இங்கதான் நின்னாங்க. நான் பார்த்தேன்."

பஞ்சாட்சரம் தாளுக்குக் கை நீட்டினார். அது என் கையிலிருந்து மணிமொழிக்குப் போயிற்று, அவளிடமிருந்து அடுத்தவருக்கு.

"எழுந்து போறவன் நாளைக்கு வர வேணாம்!"

"ஆரு சார் எழுந்தது?" என்றாள் மணிமொழி. "ஒக்காந்துகினுதான் கீறோம். வடிவக்கா இங்கதான் அடிபட்டுச்சுன்னு வேற தாளு எழுதிக்கினு வா. அப்பால ரொட்டிய தொடுறோம்."

"சாமி படம்மா. புண்ணியம்."

"புண்ணியம் வந்து இடுப்புக்கு மாவுக்கட்டு போடுமா?"

ஆக்‌ஷன் என்று மைக் சொன்னது. ஒரு கையும் அசையவில்லை. மேலே பலகையில் நின்ற லைட்மேன் ஒருவர் தன் விளக்கை அணைத்தார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பார்த்தார். அவரும் அணைத்தார்.

பஞ்சாட்சரம் போனில் வேறு ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைப்பார்கள். மதியத்துக்குள் வேனில் வந்து இறங்கிவிடுவார்கள். எல்லோருக்கும் அது தெரியும்.

பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து பந்தியில் இடம் பிடித்தார்.

"தாளைக் கசக்காதீங்கப்பா" என்றார். "வர்றவங்களுக்கும் படிச்சுக் காட்டணும்."