மடித்து வைத்த சட்டை

எரோனி என் நீலச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து என் கட்டிலின்மேல் வைத்திருந்தான். சட்டைக்குப் பக்கத்தில் என் செருப்பு, என் துண்டு, தொலைந்தே போய்விட்டது என்று நான் முடிவு கட்டியிருந்த என் கத்தரிக்கோல். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எல்லாம் உன்னோடதுதான். சரியா இருக்கான்னு பாத்துக்கோ. ரொம்ப நன்றி."

நன்றி! ஒரே அறையில் அத்தனை காலம் இருந்தும் அந்தச் சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரு நன்றிக்கு ஏன் பயம் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு மீனிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் தீவின் சாமியும் எரோனியின் தீவுச் சாமியும் அண்ணன் தம்பிகள். இருவரும் சேர்ந்து ஒரு மீன் பிடித்தார்கள். அதைக் கரைக்கு இழுத்த தடம்தான் இரண்டு தீவுக்கும் நடுவில் இன்றைக்குக் கப்பல் போகும் கால்வாய்; மீன் அவ்வளவு பெரிது. தலை யாருக்கு என்று சண்டை. அடித்து ஓய்ந்தபின் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவன் பொருளை ஒருவன் கேட்காமல் எடுக்கலாம், வாய்க்கு வந்தபடி திட்டலாம், யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவனின் ஊரே தலைகுனிந்து, திமிங்கிலப் பல்லை ஏந்திப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த உறவுக்குத் தவுவு என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை கல்யாணத்திலோ சாவிலோ சந்தித்துக்கொள்கிறவர்களுக்கு அருமையான உறவு. தலைநகர் சுவாவில் கல்லூரி விடுதி கட்டுவார்கள், அதில் ஒரே அறையில் இரண்டு தவுவுகளைப் போடுவார்கள் என்று அந்தச் சாமிகள் யோசிக்கவில்லை.

முதல் நாள் எரோனி என் ஊரைக் கேட்டான். சொன்னேன். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் கத்திய கத்தலில் வாசல் மரத்து மைனாக்கள் பறந்துபோய், அந்த வருடம் முழுக்கத் திரும்பவில்லை. என் பெட்டியைத் திறந்து அம்மா வைத்தனுப்பிய மீன் டப்பாவை எடுத்தான். "வௌவாலே! உங்க சாமி திருடித் தின்ன மீன் தலை இதுதானாடா!" நின்றபடியே தின்று முடித்தான். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்களைக் கூப்பிடுவது வௌவால், நாங்கள் அவர்களைக் கூப்பிடுவது நண்டு.

ஆள் பெரிய உருவம். அவன் புரண்டு படுத்தால் துறைமுகத்தில் கப்பல் கட்டிய கயிறு இழுபடும் என்று சொல்வார்கள். நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். போதாக்குறைக்கு ஒரு கிதார். அதை அவன் வாசிக்கத் தொடங்கியதும் எங்கள் அறைப் பல்லிகள் குடும்பத்தோடு பெண்கள் விடுதிக்குக் குடிபெயர்ந்தன. நான் எங்கே போவேன்? என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். என் சட்டை அவன் உடம்பில் தையல் விட்டுக்கொண்டிருந்தது.

திருப்பித் திட்ட எனக்கும் உரிமை உண்டு. ஆனால் எனக்கு மர நாக்கு. ஒரு பதிலை நான் யோசித்து முடிப்பதற்குள் பருவம் மாறிவிடும். எரோனி பாவம், காத்திருந்து பார்ப்பான். "சொல்லுடா... வருதா? வந்துடும், வந்துடும்." வராது.

ஏற்கெனவே சில பாடங்களில் தோற்றிருந்தேன். இன்னும் ஒன்று போனால் உதவித்தொகை தரும் அரசாங்கம் என்னைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடும். ஊரிலோ நான் வாத்தியாராக வருவேன் என்று பள்ளிக்கூடத்துக்குக் கூரையே போட்டுவிட்டார்கள். அதனால் வார்டனிடம் வேறு அறை கேட்கப் போனேன். மிஸ்டர் பாக்ஸ்டர், நியூசிலாந்துக்காரர், நல்ல மனிதர். ஏன் என்று கேட்டார். எரோனி என்று சொன்னால் அது கோபப்பட்டதாகிவிடும். "கூரை ஒழுகுது சார்" என்றேன். தச்சரை அனுப்பிக் கூரையைச் சரிசெய்தார். அடுத்த தடவை கரையான் என்றேன். புதுத் தரை போட்டார்கள். இருட்டு என்றேன், பெரிய ஜன்னல் வைத்தார்கள். விடுதியிலேயே சிறந்த அறை எங்களுடையதாகிவிட, எரோனியின் சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் காற்று வாங்க அங்கேதான் வந்தார்கள். கடைசியில் அவர் முன்னால் நின்று ஒன்றுமே சொல்லாமல் அழுதேன். அடுத்த கட்டடத்து மாடி மூலை அறைச் சாவியை என் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் பொதுக்கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் வெளித்தீவுச் சேதிகளை ரேடியோவில்தான் வாசிப்பார்கள். கொப்பரை விலை சொன்ன அதே குரல், எரோனியின் அப்பா காய்ச்சலில் காலமானார் என்றது. எரோனி கையிலிருந்த ரொட்டியை மேஜையின் நடுவில் பத்திரமாக வைத்தான். புயல் மாதம். கப்பல்கள் எல்லாம் கட்டிக் கிடந்தன. கடல் அடங்கி அவன் போய்ச் சேருவதற்குள் புதைத்து முடித்திருப்பார்கள்.

மறுநாள்தான் அந்த மடித்த சட்டை.

அதன் பிறகு அறையில் நான் வேண்டிக்கொண்ட அமைதி வந்தது. "இந்த நாற்காலில உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே என் பக்கம் தள்ளினான். எல்லோரும் அவனிடம் தணிந்த குரலில் பேசினார்கள். ஒவ்வொரு ஆறுதலுக்கும் அவன் இன்னும் கொஞ்சம் சின்னவனானான். நான் புத்தகத்தை விரித்து ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கிதாரைக் கொண்டுவந்து என் கட்டிலில் சாய்த்தான். "நீ வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

சனிக்கிழமை மத்தியானம் கடற்சுவர்ப் பக்கம் நடந்தான். நான் பின்னாலேயே போய் ஒரு பாதாம் மரத்தின் பின்னால் நின்றேன். சுவரைத் தாண்டி இறங்கி, உடுத்திய துணியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். எனக்கு வாய் எழவில்லை. நண்டு வலை போட்டிருந்த ஒரு கிழவிதான், "யாருடா அது, என் வலைய மிதிக்கிறவன்?" என்று கத்தினாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேலே வந்தான். அடுத்த தடவை அந்தக் கிழவி இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். மாடி அறைச் சாவி என் பையில் கிடந்தது.

சாவு வீட்டில் தவுவுக்கு ஒரு வேலை உண்டு. ஊரே அழும்போது அவன் வந்து செத்தவனைத் திட்ட வேண்டும், விருந்துப் பன்றியைத் திருட வேண்டும், அழுகிறவன் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். செய்யாவிட்டால் அழுகிறவனில் பாதி செத்தவனோடு போய்விடும் என்பார்கள். சுவாவில் எரோனிக்கு இருந்த ஒரே தவுவு நான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பொதுக்கூடத்தில் துக்கம் கேட்க உட்கார்ந்தார்கள். பாய் விரித்து, திமிங்கிலப் பல் கொடுத்து, யங்கோனா வேர்ப்பானம் கரைத்து, பாதிரியார் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். எரோனி கல் மாதிரி இருந்தான். நான் அறைக்குப் போய் அவனுடைய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினேன். உள்ளே இன்னொருவனைக் குடிவைக்கலாம். நேராக நடந்து போய்ப் பாயின் நடுவில் மல்லாந்து படுத்து, கைகளைக் கட்டி, கண்ணை மூடினேன்.

பாதிரியார் நிறுத்திவிட்டார்.

"நான்தான் எரோனியோட அப்பன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க, "டேய் நண்டு, பசிக்குது. உன் பங்குக் கறியக் கொண்டா," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் மிஸ்டர் பாக்ஸ்டர், "அவனை வெளியே கூட்டிட்டுப் போங்கப்பா, உடம்பு சரியில்லை போல," என்றார். என்னிடம் இருந்தது அந்த ஒரு வேடிக்கைதான். கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. மர நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"காய்ச்சல்ல சாகல நான். உன் கிதார் சத்தம் ஊர் வரைக்கும் கேட்டுதுடா. அதுக்குப் பயந்துதான் செத்தேன். இப்ப மேலயும் கேக்குது. வேற ரூம் கேட்டிருக்கேன்."

ஒரு பாய் சரசரத்தது. கனத்த காலடி. மூடிய கண்ணின் மேல் வெளிச்சம் அணைந்தது. எரோனி என் மார்பின்மேல் உட்கார்ந்தான். முழு எரோனியும்.

"வௌவாலே," என்றான். "அது என் கோட்டுடா."

அவன் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறானா, அழுகிறானா, தெரியவில்லை. என் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எங்கோ ஒரு பித்தான் தெறித்துப் பாயில் உருண்டு போனது. இடுப்புக்குக் கீழே அந்தச் சாவி சதையில் ஏறிக்கொண்டிருந்தது. விலா எலும்பு ஒன்று சத்தம் போட்டது. எழுந்திருடா என்று சொல்ல மூச்சில்லை. மூச்சு இருந்தாலும் கோபப்படக் கூடாது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கி என் காதுக்குள் போனது. துடைக்கக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன். செத்தவன் அசையக் கூடாது.