முடிஞ்சுது என்று டோரீன் சொன்னபோது

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் டோரீன் ஸ்லூசார் கொடுத்தது. கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் மெஷின் நிற்பதற்காக இருவரும் காத்திருந்தோம். "நீ கதை எழுதுறவதானே? செவ்வாய்க்கிழமை எனக்கு ஹியரிங். பக்கத்துல வந்து உக்காரு. நான் உளறினா கையைக் கிள்ளு," என்றாள். கிள்ளப் போனவள் கதையோடு திரும்பினேன்.

நியாயமாகப் பார்த்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நியாயம் என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் இறக்கி வைத்தால் கதை அங்கேயே படுத்துவிடும்.)

2.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"ஈரி நகரத்தின் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது." பொய். விசாரணை நடந்தது அக்டோபரில். மேலும் எங்கள் ஊரில் பனியைப் பற்றி யாரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை. அதை அள்ளித் தள்ளிக்கொண்டே வேறு எதையாவது பேசுவார்கள்.

"டோரீனை வேலையிலிருந்து நீக்கிய அன்று..." அப்படி எழுத முடியாது. நீக்கினார்களா என்பதுதான் வழக்கே.

"டோரீன் வேலையை விட்ட அன்று..." இதுவும் கூடாது. எழுதினால் நான் கம்பெனி பக்கம் சாய்ந்தவள் ஆகிவிடுவேன்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். டோரீன் பல வருடங்களாக ஒரு லாண்டரியில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் ராட்சத உருளையில் வேலை பார்த்தாள். ஆகஸ்ட் வெக்கையில் பாதிப் பேர் வரவில்லை. சூப்பர்வைசர் வெய்ன் ஹட்செல் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக, "அடுத்த ஷிஃப்டுக்கும் இருந்துடு" என்றான். டோரீன் கையிலிருந்த விரிப்பை மடித்துத் தள்ளுவண்டியில் வைத்தாள். "முடிஞ்சுது" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தாள். கதவில் அவளுடைய கார்டு வேலை செய்யவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வெய்ன் சொன்னான்: "நீதான் நேத்தே வேலைய விட்டுட்டியே, டோரீன்."

நீக்கப்பட்டவருக்கு, பெரிதாகத் தப்பு எதுவும் செய்யாதிருந்தால், அரசாங்கம் கொஞ்ச காலம் உதவித்தொகை கொடுக்கும். தானாக விட்டவருக்குப் பெரும்பாலும் கிடையாது. டோரீனுக்குக் கிடையாது என்று முதல் தீர்மானம் வந்தது. அவள் மேல்முறையீடு செய்தாள்.

3.

விசாரணை தொலைபேசியில். விசாரிக்கும் அதிகாரிக்கு எங்கள் மாநிலத்தில் ரெஃப்ரீ என்று பெயர்.

"ரெஃப்ரீன்னா விசில் ஊதுவாங்களா?" என்று டோரீன் கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. வீட்டு வாடகை இரண்டு மாதமாகப் பாக்கி.

சமையலறை மேஜையில் போனை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. தெரியாத எண்.

"கார் இன்ஷூரன்ஸ் விக்கிறவனுங்க. நேரங்காலம் தெரியாது," என்று டோரீன் வெட்டிவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அவங்களா இருக்குமோ?"

"அவங்கதான்டி!"

"ஐயையோ, திருப்பிப் போடு, திருப்பிப் போடு!"

திருப்பிப் போட்டால், பதிவு செய்த குரல் ஒன்று ஒன்பது வழிகளைச் சொல்லி ஒன்றை அழுத்தச் சொன்னது. டோரீன் எதை அழுத்தினாளோ, ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தது. அதற்குள் முதல் எண்ணே மறுபடி அழைத்தது.

(சிரிப்புக்காக இதைச் சேர்த்ததாக நினைக்காதீர்கள். அந்த இரண்டாவது அழைப்பு வராமலிருந்தால் ஆஜராகவில்லை என்று எழுதி முடித்திருப்பார்கள். கதை இந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும்.)

4.

ரெஃப்ரீயின் பெயர் மிஸ் ஆஸ்ட்ராண்டர். வெய்ன் இணைப்பில் இருந்தான். கம்பெனி அமர்த்திய ஒரு பிரதிநிதியும் வேறு ஏதோ மாநிலத்திலிருந்து பேசினார். எல்லோரையும் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். யாரும் யாரையும் பார்க்க முடியாது. இருந்தும் டோரீன் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன், ஏனென்று தெரியாமல்.

வெய்ன் தன் பக்கத்தைச் சொல்லி முடித்தான்.

"மிஸ் ஸ்லூசார், இப்ப நீங்க சாட்சியைக் கேள்வி கேக்கலாம்."

"கேக்குறேன் மேடம். வெய்ன், அன்னிக்கு வெக்கையில ஆளுங்க மயங்கி விழுந்துட்டிருந்தாங்க, நீ என்னடான்னா..."

"அது கேள்வி இல்ல. உங்க பக்கத்தை அப்புறமா சொல்லலாம். இப்ப கேள்வி மட்டும்."

"சரி மேடம். வெய்ன், நீ பொய் சொல்றியா?"

"இல்ல."

"பாத்தீங்களா மேடம், பொய் சொல்றான்!"

கிள்ளினேன்.

"ஏன்டி கிள்ற?"

ரெஃப்ரீக்குக் கேட்டுவிட்டது. "அங்க வேற யாராவது இருக்காங்களா?"

"கீழ்வீட்டுக்காரி, மேடம். கதை எழுதுறவ."

"உங்க சாட்சியா?"

"இல்ல மேடம். கிள்ளுறதுக்கு."

மிஸ் ஆஸ்ட்ராண்டர் இருமினார். இருமல்தானா என்று எனக்குச் சந்தேகம். "மேல கேளுங்க," என்றார்.

டோரீன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு வேறொரு குரலில் கேட்டாள்: "வெய்ன், நான் பையை எடுத்துட்டுக் கிளம்பினப்ப நீ என்ன சொன்ன?"

"...நாளைக்குப் பாப்போம்னு சொன்னேன்."

"அது எல்லாரும் வாய்ப்பழக்கத்துல சொல்றது, மேடம்," என்றார் பிரதிநிதி.

"சாட்சியே சொல்லட்டும்," என்றார் ரெஃப்ரீ. "வேலைய விட்டுட்டுப் போறவங்ககிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

வெய்ன் மூச்சுவிடுவது கேட்டது. "அவங்க விட்டுட்டாங்கன்னு அப்ப நான் நினைக்கல மேடம். கோவமாப் போறாங்கன்னுதான் நினைச்சேன். சாயங்காலம் மேலிடத்துக்குப் போன் பண்ணினேன். அப்படின்னா விட்டுட்டான்னே எழுதிக்கன்னு சொன்னாங்க."

5.

வெய்ன் விஷயத்தில் எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவனுக்குத் தடித்த கழுத்தும் நக்கல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். நான் அவனைப் பார்த்ததே இல்லை. கேட்டது அந்த மூச்சை மட்டும்தான். தன் வேலைக்கே உலை வைக்கக்கூடிய உண்மையைப் பிரதிநிதியின் காது கேட்க அவன் ஏன் சொன்னான்? சத்தியத்துக்குப் பயந்தா? டோரீன் கேட்ட குரலுக்காகவா? கழுத்தையும் சிரிப்பையும் அடித்துவிட்டேன். பதிலாக வைக்க எதுவும் கிடைக்கவில்லை.

6.

பிறகு ரெஃப்ரீ டோரீனைக் கேட்டார்: "நீங்க அன்னிக்குப் போனப்ப, திரும்பி வர்ற எண்ணத்தோடதான் போனீங்களா?"

ஆமாம் என்றால் போதும். மூன்று எழுத்து.

"தெரியல மேடம்," என்றாள் டோரீன். "கார்ல ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எதையும் நினைக்கல. காலைல அலாரம் அடிச்சுது. யூனிஃபார்மைப் போட்டேன், கிளம்பிட்டேன்."

என் விரல்கள் அவள் கைமேல் இருந்தன. கிள்ளவில்லை. இது உளறலா, அவள் அன்று பேசியதிலேயே தெளிவான பேச்சா என்று எனக்கு விளங்கவில்லை. மறுமுனையில் ரெஃப்ரீ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

7.

முடிவு வருவதற்குள் நானே சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: டோரீன் தோற்கிறாள். அக்கா வீட்டுக்குக் குடிபெயர்ந்து, அங்கே (வேண்டாம். அந்த அக்காவோடு அவள் ஒரு வாரம் தாங்க மாட்டாள்.)

இரண்டாவது: ஜெயிக்கிறாள். வெய்ன் போன் செய்து மன்னிப்பு (இதை நான் நம்பவில்லை.)

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கிழித்த உறையோடு டோரீன்.

"மூணு தடவை படிச்சிட்டேன். ஜெயிச்சேனா தோத்தேனா, அதை மட்டும் சொல்லு."

"முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது," என்று வாசித்தேன்.

"ரத்தா? போச்சா?"

"உனக்குக் கிடையாதுன்னு சொன்ன தீர்மானம்டி. அது ரத்து."

"அப்ப உண்டா?"

"உண்டு."

"உண்டுன்னு ஒரு வார்த்தை எழுதினா இவங்களுக்கு என்னவாம்!" நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அப்படியே எழுந்து போய் என் ஃபிரிட்ஜைத் திறந்து, உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை மிச்சமிருந்ததை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

கதையை அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியும் வைத்திருந்தேன்.

8.

கம்பெனி மேலே போனது. மேல் வாரியம் இன்னொரு விசாரணைக்கு அனுப்பியது: ஒரே ஒரு விஷயத்தைக் கேட்பதற்கு. அன்று புறப்பட்டபோது அவள் எண்ணம் என்ன?

நேற்று டோரீன் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். இப்ப யோசிச்சா, அன்னிக்குக் கார்ல உக்காந்திருந்தப்ப நான் வேலைய விட்டுட்டேன்னுதான் தோணுது. தூங்கி எந்திரிச்சதும் மறந்து போய்க் கிளம்பியிருக்கேன். இல்ல, ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு இப்படித் தோணுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் கதைல நான் என்ன நினைச்சேன்?"

"அதை இன்னும் எழுதல."

"எழுதித் தொலையேன். அதைப் படிச்சாவது தெரிஞ்சுக்கிறேன்."

உட்கார்ந்து பார்த்தேன். "டோரீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நினைத்தாள்:" என்று எழுதி, அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. வருவதெல்லாம் அவளுக்கு உதவும் சொற்கள், அல்லது எனக்குப் பெருமை தரும் சொற்கள்.

விசாரணை நாளைக் காலை. அந்த வரியை உங்களில் யாராவது முடித்துக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: எழுதியவர் மாடியேறிப் போய், கதவைத் தட்டி, அவள் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

டோரீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நினைத்தாள்: